படிக்கும் குருவின் கடன்

ஒரு குருவானவரின் நேரம் யாருக்குச் சொந்தம்? ஆண்டவருக்கு என்று உடனே விடை சொல்லிவிடலாம். அது பிழையான விடையன்று. ஆனால் மிக எளிதான விடை. திருப்பலி முடிந்து, நோயாளரைச் சந்தித்து, வழக்குகளோடும் மனக்குறைகளோடும் வந்தவர்களுக்குச் செவிகொடுத்து, இரவில் விளக்கடியில் அவர் தனியே அமரும் அந்த இரண்டு மணி நேரம் யாருடையது? பங்கில் ஒருவருக்கும் விளங்காத, எவருக்கும் நேரடியாகப் பயன்படாத, மூவாயிரம் ஆண்டுப் பழமையான எழுத்துகளைப் படிப்பதில் அந்நேரத்தை அவர் செலவிட்டால் நாம் அவரைப் பாராட்டுவோமா, குறை கூறுவோமா? பெரும்பாலும் இரண்டையும் செய்வோம். நம் குரு பெரிய அறிஞர் என்று வெளியூரில் பெருமை பேசுவோம். உள்ளூரில், ஆள் எப்போதும் புத்தகமும் கையுமாக இருக்கிறார் என்று முணுமுணுப்போம்.

இக்கேள்வியைப் பொதுவாகப் பேசினால் அது வெறும் சொல்லாகவே நின்றுவிடும். ஆகவே ஒரு மனிதரின் வாழ்வை வைத்து அதை எண்ணிப் பார்க்க விரும்புகிறோம். அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். அயர்லாந்து ஆங்கிலிக்கன் திருச்சபையின் குரு. பெயர் எட்வர்டு ஹிங்க்ஸ். 1792 ஆகஸ்ட் 19 அன்று கார்க் நகரில் பிறந்தார். தந்தை பிரஸ்பிற்றேரியன் சபைப் போதகர். கீழை மொழிகளைக் கற்பித்தவர். மகன் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் பயின்று, இருபத்தொரு வயதில் அக்கல்லூரியின் ஆய்வாளர் பதவியைப் பெற்றார். கல்லூரியிலேயே தங்கியிருந்தால் பேராசிரியராகி, பெரிய நூலகத்தின் அருகிலேயே வாழ்ந்திருக்கலாம். அவரோ நாட்டுப்புறப் பங்கொன்றுக்குச் சென்றார். 1825 முதல், 1866இல் இறக்கும்வரை, டவுன் மாவட்டத்தில் ஸ்ட்ராங்ஃபோர்டு என்னும் கடற்கழியின் கரையிலுள்ள கில்லிலே என்ற சிற்றூரின் பங்குக் குருவாகவே இருந்தார். நாற்பத்தோர் ஆண்டுகள்! அவருடைய தம்பி பிரான்சிஸ் ஹிங்க்ஸ் கடல் கடந்து போய்க் கனடா மாநிலத்தின் முதலமைச்சர் நிலைக்கு உயர்ந்தார். அண்ணனோ அந்தச் சிற்றூரைவிட்டு வேறு பங்குக்குக்கூட மாறவில்லை.

அசீரியாவின் ஆப்பெழுத்துகளை உலகம் இன்று படிக்க முடிகிறதென்றால், அதற்கு முதன்மையான காரணர்களுள் ஒருவர் இந்தக் கில்லிலே குருவானவரே. ஈரமான களிமண்ணில் நாணற்கோலின் முனையால் அழுத்தி எழுதப்பட்டு, ஆப்பு வடிவில் பதிந்திருக்கும் அவ்வெழுத்து ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகள் வழங்கிப் பின்னர் அடியோடு மறக்கப்பட்டது. நினிவே, பாபிலோன் என்று விவிலியத்தில் நாம் வாசிக்கும் நகரங்களின் ஆவணங்கள் எல்லாம் அவ்வெழுத்திலேயே இருந்தன. ஹிங்க்ஸ் அந்த நகரங்களை ஒருநாளும் கண்டதில்லை. டைகிரிஸ் ஆற்றங்கரையில் அகழ்ந்தவர்கள் வரைந்தெடுத்த படிகளும், ஐரோப்பாவில் அச்சான படத்தாள்களும் அஞ்சலில் கில்லிலேக்கு வந்தன. அவரது விடைகள் அஞ்சலில் திரும்பிச் சென்றன. இன்னொரு செய்தியையும் இங்கே சொல்லிவிடலாம். பிரித்தானிய அருங்காட்சியகம் எவருடைய சேகரிப்பைக் கொண்டு 1753இல் தோன்றியதோ, அந்த மருத்துவர் ஹான்ஸ் ஸ்லோன் 1660இல் பிறந்த ஊரும் இதே கில்லிலேதான். ஊர் பெற்ற மகனின் அருங்காட்சியகத்தில் கற்கள் வந்து குவிய, அவற்றைப் படிக்கத் தெரிந்தவர் அவ்வூரிலேயே இருந்தார். இடையில்தான் கடல் கிடந்தது.

அவர் என்ன கண்டுபிடித்தார் என்பதைத் தமிழர்க்கு விளக்குவது எளிது. முதலாவதாக, ஆப்பெழுத்தின் குறிகள் எபிரேய எழுத்தைப்போல் வெறும் மெய்யொலிகளைக் குறிப்பன அல்ல, அசைகளைக் குறிப்பன என்று காட்டினார். நம் உயிர்மெய் எழுத்தில் மெய்யும் உயிரும் சேர்ந்திருப்பதுபோல அங்கே ஒரு குறிக்குள் ஓர் அசை முழுவதும் அடங்கும். இரண்டாவதாக, ஒரே குறி இடத்திற்கேற்பப் பல ஒலிகளைப் பெறும் என்றார். ‘கல்’, ‘தங்கம்’, ‘பகல்’ என்னும் மூன்று சொற்களிலும் ஒரே ‘க’ வேறு வேறாக ஒலிப்பதை நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை. ஆப்பெழுத்தில் அந்த வேறுபாடு இதைவிடப் பன்மடங்கு பெரிது. மூன்றாவதாக, சில குறிகள் வாயால் ஒலிக்கப்படுபவையே அல்ல; அடுத்து வருவது கடவுளின் பெயர், ஊரின் பெயர், ஆளின் பெயர் என்று கண்ணுக்கு மட்டும் அறிவிப்பவை என்று விளக்கினார்.

இவற்றினும் வியப்பான முடிவொன்றை 1850இல் எடின்பரோ நகரில் கூடிய அறிவியல் மாநாட்டில் வெளியிட்டார். வடமொழிச் சுலோகம் ஒன்றைக் கிரந்த எழுத்தின் துணையின்றித் தமிழ் எழுத்தில் எழுதினால், அம்மொழியின் ஒலிகள் பலவற்றுக்குத் தனி எழுத்தில்லாமல் இடர்ப்படுவோம். அந்த ஏட்டை மட்டும் காணும் ஓர் அயலார், இவ்வெழுத்து இம்மொழிக்காகப் பிறந்ததன்று, வேறொரு மக்கள் தம் மொழிக்கென அமைத்தது என்று கூறிவிட முடியும். ஹிங்க்ஸ் செய்தது அதுவே. அசீரிய மொழி எபிரேயத்திற்கு உறவான செமித்திய மொழி. ஆனால் ஆப்பெழுத்து அதன் ஒலிகளுக்குச் சரியாகப் பொருந்தவில்லை. ஆகவே அசீரியர்க்கு முன்பே செமித்தியர் அல்லாத ஒரு மக்கள் அதை அமைத்திருக்க வேண்டும் என்றார். அப்படிப்பட்ட மக்களைப் பற்றி அன்று ஒருவருக்கும் தெரியாது. சுமேரியர் என்னும் பெயரே 1869இல்தான் வழங்கத் தொடங்கியது. அவர்களுடைய நகரம் ஒன்று தோண்டப்பட்டது 1877இல். ஹிங்க்ஸ் அதற்குள் மறைந்துவிட்டார்.

நமக்கு அறிமுகமான ஒருவர் இக்கதையின் ஓரத்தில் நிற்கிறார். ஹிங்க்ஸின் பங்குக்கு வடக்கே, அன்ட்ரிம் மாவட்டத்தில் 1814இல் பிறந்து, 1838இல் சென்னைக்கு வந்து, திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடியில் ஆண்டுக்கணக்காக உழைத்த இராபர்ட் கால்டுவெல்லே அவர். 1856இல் வெளியான தம் ஒப்பிலக்கண நூலில், பாரசீக நாட்டுப் பெகிஸ்தூன் பாறையில் மூவகை ஆப்பெழுத்துகளுள் இரண்டாவதாகப் பொறிக்கப்பட்டிருந்த மொழியைத் திராவிட மொழிகளோடு ஒப்பிட்டார். அந்த இரண்டாம் வகை எழுத்தைப் பத்தாண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்தவர்களுள் ஹிங்க்ஸும் ஒருவர். அவ்வுறவு இன்றளவும் மெய்ப்பிக்கப்படவில்லை என்பது வேறு செய்தி. தேரிமணலிலும் கடற்கழிக்கரையிலும் வாழ்ந்த இரு நாட்டுப்புறக் குருக்கள் ஒரே பாறையை நோக்கிக் கொண்டிருந்தார்கள்; ஒருவருக்காவது அதை நேரில் காணும் வாய்ப்பு இல்லை.

இதுவரை சொன்னது புகழ்ச்சி. இனி நம் கேள்விக்கு வருவோம். அதற்கு இரண்டு செய்திகளை மறைக்காமல் சொல்லியாக வேண்டும்.

முதற்செய்தி பணத்தைப் பற்றியது. ஹிங்க்ஸ் படிப்பதற்குப் பெற்ற ஓய்வு எங்கிருந்து வந்தது? அயர்லாந்தில் அன்று அரசின் ஆதரவு பெற்றிருந்தது ஆங்கிலிக்கன் திருச்சபை. ஆனால் மக்களுள் மிகப் பெரும்பாலோர் கத்தோலிக்கர். ஹிங்க்ஸ் வாழ்ந்த வட்டாரத்திலோ பிரஸ்பிற்றேரியர் மிகுதி. யாராயிருப்பினும், நிலத்தை உழுதவன் தன் விளைச்சலின் பேரில் ஆங்கிலிக்கன் குருவுக்குத் தசமபாகம் கட்டியாக வேண்டும் என்பது சட்டம். தன் கோவில் அல்லாத கோவிலுக்கு, தன் நோயில் வந்து பூசுதல் அளிக்காத குருவுக்கு, ஓர் ஏழைக் கத்தோலிக்க உழவன் தன் உருளைக்கிழங்கு நிலத்திலிருந்து கொடுக்க வேண்டியிருந்தது. 1831 முதல் மக்கள் கட்ட மறுத்தனர். மாடுகளையும் பண்டங்களையும் பறிக்க வந்த காவலரோடு மோதல்கள் நடந்தன. பல உயிர்கள் போயின. 1838இல் சட்டம் மாற்றப்பட்டு, தொகையில் கால்பங்கு குறைந்து, எஞ்சியது நிலவுடைமையாளரின் பொறுப்பானது. ஹிங்க்ஸ் போன்ற குருக்களின் வருவாயும் குறைந்தது. இந்த ஏற்பாட்டை ஹிங்க்ஸ் உண்டாக்கவில்லை. ஆனால் அவரது மேசைமேல் எரிந்த விளக்கின் எண்ணெயில் அதன் பங்கும் இருந்தது.

இரண்டாம் செய்தி இன்னும் கடுமையானது. 1845 இலையுதிர்காலத்தில் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. 1846இல் விளைச்சல் ஏறத்தாழ முழுவதும் அழுகிப் போயிற்று. 1847 அந்நாட்டு நினைவில் கருப்பு ஆண்டாகவே நிலைத்துவிட்டது. சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் பட்டினியாலும் காய்ச்சலாலும் மாண்டனர். அதற்கு மேற்பட்டோர் கப்பலேறி நாட்டைவிட்டு அகன்றனர். கிழக்கு அல்ஸ்டர் பகுதி, மேற்கு அயர்லாந்தைப்போல் பாழாகவில்லை. எனினும் பசியும் கொள்ளைநோயும் அங்கும் நுழைந்தன. 1846 ஜூன் 9 அன்று, டப்ளினில் உள்ள அயர்லாந்து அரச கழகத்தில் பாரசீக ஆப்பெழுத்து பற்றிய ஹிங்க்ஸின் புகழ்பெற்ற கட்டுரை வாசிக்கப்பட்டது. அடுத்த கட்டுரை அதே ஆண்டின் இறுதியில் வந்தது. அவருடைய அறிவு மிக ஒளிவிட்ட ஆண்டுகளும் அவருடைய நாடு மிக இருண்ட ஆண்டுகளும் ஒன்றே.

இதைக் கேட்டதும் நம்முள் பலருக்குச் சினம் எழும். பசித்தவன் வாயிலில் கிடக்க, உள்ளே ஒருவர் தாரியு மன்னனின் பட்டப்பெயர்களை எழுத்துக்கூட்டிக் கொண்டிருக்கலாமா? செல்வனும் இலாசரும் உவமையை நாம் ஆண்டுதோறும் கேட்கிறோம். அதில் செல்வன் செய்த குற்றம் பார்க்காமல் இருந்ததுதானே? இந்தச் சினம் நியாயமானது. இதை நாம் எளிதில் கைவிடக் கூடாது. அதே வேளையில் அதை அளந்தும் பார்க்க வேண்டும். ஹிங்க்ஸ் தம் ஏடுகளைக் கிழித்தெறிந்திருந்தால் அயர்லாந்தில் ஒரு கூடை மாவாவது கூடுதலாகக் கிடைத்திருக்குமா? பஞ்சத்தைக் கொடிதாக்கியவை நில உடைமை முறையும் இலண்டன் ஆட்சியாளரின் கொள்கையும். பசியின் நாளில் பாடுவோர் பாடக் கூடாது, கற்போர் கற்கக் கூடாது என்று சொல்லத் தொடங்கினால், உலகில் பசி இல்லாத நாளே இல்லையாதலால், பாட்டுக்கும் கல்விக்கும் ஒருநாளும் வேளை வாய்க்காது. நாமும் இதழ் படித்துக்கொண்டிருக்க முடியாது.

இந்த மறுமொழி தருக்கத்துக்குப் போதும். மனச்சான்றுக்குப் போதுமா என்பதில் நமக்கு ஐயமுண்டு. தன் உழைப்பால் தான் ஈட்டிய ஓய்வில் ஒருவன் என்ன கற்றாலும் அது அவன் விருப்பம் எனலாம். பிறர் உழைப்பிலிருந்து வந்த ஓய்வு அப்படிப்பட்டதன்று. அது கடன். தசமபாகம் நம்மிடையே சட்டமாக இல்லை; ஆனால் நம் குருக்களும் துறவியரும் உண்பது மக்களின் காணிக்கைதானே? மீன் விற்ற காசிலிருந்தும் பீடி சுற்றிய கூலியிலிருந்தும் உண்டியலில் விழுந்ததைக் கொண்டு குருமடத்தில் ஒருவர் எபிரேய இலக்கணம் கற்கிறார். எனவே அவர் கற்கலாமா என்பதைவிட, கற்பவர் அக்கடனை எதைக்கொண்டு தீர்க்கிறார் என்று கேட்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

பயனைக்கொண்டு தீர்க்கிறார் என்று சிலர் சொல்வர்: தொல்பொருள் ஆராய்ச்சி விவிலியத்தை உண்மையென மெய்ப்பிக்கிறது, மக்களின் நம்பிக்கை உறுதிப்படுகிறது, ஆகவே கைம்மாறு கிடைத்துவிட்டது என்பர். ஹிங்க்ஸின் காலத்தில் இப்படி எண்ணியவர்கள் ஏராளம். ஆனால் இந்த விடைதான் படிக்கும் குருவுக்கு மிகப் பெரிய சோதனை என்று நாம் கருதுகிறோம். அவருடைய புகழ்பெற்ற கண்டுபிடிப்பு ஒன்றையே எடுத்துக்கொள்வோம்.

1846இல் நிம்ரூத் மேட்டில் அகழ்ந்த ஹென்றி லேயார்டு ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரமுள்ள கருங்கல் தூண் ஒன்றை வெளிக்கொணர்ந்தார். நான்கு பக்கங்களிலும் ஐந்து வரிசையாக இருபது புடைப்புச் சிற்பங்கள். மன்னர்களும் தூதர்களும் அசீரியப் பேரரசனுக்குத் திறை கொண்டுவருகிறார்கள். இரண்டாம் வரிசையில் ஒருவர் மண்ணில் நெற்றி படியக் குப்புற விழுந்து கிடக்கிறார். பாக்தாதில் ஆங்கிலேய அரசின் பேராளராக இருந்த ஹென்றி ராலின்சன் 1850இல் அத்தூணின் எழுத்துகளை மொழிபெயர்த்து வெளியிட்டார். விழுந்து கிடப்பவரின் பெயரை எழுத்துக்கூட்டியும் அவர் யாரென்று கண்டுகொள்ளவில்லை. 1851 டிசம்பரில் இலண்டன் வார இதழான ‘அத்தீனிய’த்தில் கில்லிலேயிலிருந்து ஒரு கடிதம் வெளியானது. அம்மனிதர் இஸ்ரயேலின் அரசர் ஏகூ என்று ஹிங்க்ஸ் அதில் அறிவித்தார்.

விவிலியத்தில் வரும் அரசர் ஒருவரின் பெயர், அவர் வாழ்ந்த காலத்திலேயே செதுக்கப்பட்ட பகைவனின் கல்லில்! விசுவாசிகள் மகிழ்ந்ததில் வியப்பில்லை. ஆனால் அந்தக் கல்லை முழுவதும் படிக்க வேண்டும். அது ‘ஓம்ரியின் மகன் ஏகூ’ என்கிறது. அரசர்கள் இரண்டாம் நூலின்படி ஏகூ நிம்சியின் பேரன். ஓம்ரியின் மகனே அல்லன். அதுமட்டுமா, ஓம்ரியின் மகனான ஆகாபின் குடும்பத்தை வேரறுத்து அரியணை ஏறியவனே அவன். ஈசபேலைச் சன்னலிலிருந்து தள்ளச் செய்தவன். தான் அழித்த வீட்டின் மகனாக அவன் கல்லில் நிற்கிறான். அசீரியர் வட நாட்டை ‘ஓம்ரியின் வீடு’ என்றே அழைத்ததால் இப்படி எழுதினர் என்பது பொதுவான விளக்கம். இதைவிட நம்மை நிறுத்தவேண்டியது வேறொன்று. ஆண்டவர் பெயரால் திருப்பொழிவு பெற்று, ஆண்டவருக்காகத் தான் கொண்ட ஆர்வத்தைப் பாரீர் என்று பெருமை பேசிய ஏகூ, அயல்நாட்டு அரசனின் காலடியில் விழுந்ததாக விவிலியம் எங்குமே சொல்லவில்லை. கல் விவிலியத்தை மெய்ப்பித்தது என்று கூத்தாடியவர்கள், விவிலியம் சொல்லாமல் விட்டதைக் கல் சொல்லுவதைக் கவனித்தார்களா? ஏகூவின் இரத்தப்பழியை இறைவாக்கினர் ஓசேயா பின்னர் கண்டித்தார் என்பதை அறிந்தவர்களுக்கு அந்தக் குனிந்த உருவம் வேறு விதமாகப் பேசும்.

செனகெரிபு மன்னனின் ஆவணங்களும் இத்தகையவே. கி.மு. 701இல் அவன் யூதா நாட்டின் மேல் படையெடுத்தான். லேயார்டு 1853இல் வெளியிட்ட நூலில் அம்மன்னனின் வரலாற்றுக் குறிப்புகளை மொழிபெயர்க்கத் துணைநின்றவர் ஹிங்க்ஸ். எசேக்கியா முப்பது தாலந்து பொன் கொடுத்தார் என்று விவிலியமும் அசீரிய ஆவணமும் ஒருமித்துச் சொல்கின்றன. வெள்ளியின் கணக்கில் பிரிகின்றன: விவிலியம் முந்நூறு தாலந்து என்கிறது, அசீரியன் எண்ணூறு என்கிறான். எருசலேமுக்குள் அரசரை அடைத்துவைத்ததாகப் பெருமை பேசும் செனகெரிபு, நகரைப் பிடித்ததாகச் சொல்லவில்லை; ஆண்டவரின் தூதர் தன் பாளையத்தில் செய்ததைப் பற்றியும் வாய் திறக்கவில்லை. பொன்னை மட்டும் மேடையில் எடுத்துச் சொல்லி வெள்ளியை விழுங்கிவிட ஒரு குருவுக்கு எத்தனை எளிது! கேட்பவர் மகிழ்வர், காணிக்கையும் பெருகும். அப்படிச் செய்பவர் மக்களின் காசைப் பெற்றுக்கொண்டு கலப்படப் பண்டத்தைத் திருப்பித் தருகிறார்.

ஆகவே அந்தக் கடனுக்கு ஏற்ற நாணயம் ஒன்றே என்பது நம் எண்ணம்: உள்ளதை உள்ளபடி படிப்பது. கல் ஓம்ரியின் மகன் என்றால் ஓம்ரியின் மகன் என்றே எழுத வேண்டும். தாம் போன மாதம் அச்சிட்ட வாசிப்பு தவறென்று இம்மாதம் தெரிந்தால், அதையும் அச்சிட வேண்டும். ஹிங்க்ஸ் இதைச் சலிக்காமல் செய்தார். ஒரு குறிக்குத் தாம் கொடுத்த ஒலியை அடுத்த கட்டுரையில் மாற்றுவார். அதற்கடுத்ததில் மீண்டும் திருத்துவார். வாசகருக்கு இது பெருந்தொல்லை. அவருடைய புகழுக்கும் நல்லதன்று. வெற்றி வீரனின் குரலில் ஒருமுறை பேசிவிட்டு அமைதியாக இருப்பவரையே உலகம் நம்புகிறது.

அப்படித்தான் நடந்தது. ராலின்சன் படைவீரர், பெகிஸ்தூன் செங்குத்துப் பாறையில் ஏணி வைத்துத் தொங்கிக்கொண்டு எழுத்துகளைப் படியெடுத்தவர், அவரது துணிவை எவரும் குறைத்துப் பேச முடியாது. அவருக்குப் பதவி இருந்தது, இலண்டனில் நண்பர்கள் இருந்தனர், புதிய கற்கள் முதலில் அவர் கைக்கு வந்தன. 1856இல் அவர் ‘சர்’ ஆனார். ஹிங்க்ஸுக்கோ பிரித்தானிய அருங்காட்சியகம் 1853இல் ஓராண்டு வேலை கொடுத்தது, அவ்வளவே. அவர் அங்கே எழுதிக் கொடுத்த மொழிபெயர்ப்புகளை அருங்காட்சியகம் அச்சிடவில்லை. 1863இல் பிரஷ்ய அரசு உயர்ந்த விருதொன்றை அனுப்பியது. சொந்த நாட்டுத் திருச்சபை ஒரு மேற்பதவியும் தரவில்லை. இவற்றை எல்லாம் அவர் புனிதரைப்போல் புன்னகையோடு தாங்கினார் என்று எழுத நமக்கு ஆசைதான். அது உண்மையன்று. இதை முதலில் கண்டவன் நான் என்று வாதாடியும், புறக்கணிக்கப்பட்டதாகக் குமுறியும் அவர் எழுதிய கடிதங்கள் உள்ளன. கல்லின் முன் தன்னை மறக்கக் கற்ற மனிதர், சக அறிஞர் முன் அதைக் கற்கவில்லை. அறிவுத் துறையில் மட்டுமல்ல, பங்குப் பேரவையிலும் பாடகர் குழுவிலும் இந்த நோயை நாம் அறிவோம்.

எனினும் 1857இல் நடந்த ஒன்றை எண்ணும்போது அக்கசப்பு சிறிது அகல்கிறது. ஆப்பெழுத்தை உண்மையில் எவரும் படிக்கவில்லை, ஒவ்வொருவரும் தம் கற்பனையையே எழுதுகிறார்கள் என்று அன்று பலர் ஐயுற்றனர். ஒரே குறிக்குப் பல ஒலிகள் உண்டு என்று ஹிங்க்ஸ் சொன்னதே அந்த ஐயத்துக்கு முக்கியக் காரணம். அப்படியானால் எதையும் எப்படியும் படிக்கலாமே என்றனர். ஒளிப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவரான ஃபாக்ஸ் டால்பட் ஒரு வழி கண்டார். புதிதாக வெளியாகவிருந்த முதலாம் திக்லாத்பிலேசரின் கல்வெட்டைத் தாம் தனியே மொழிபெயர்த்து, முத்திரையிட்டு, இலண்டன் அரச ஆசியக் கழகத்துக்கு அனுப்பினார். ராலின்சன், ஹிங்க்ஸ், இலண்டனில் இருந்த ஜூலியஸ் ஓப்பெர்ட் ஆகியோரும் ஒருவர் எழுதியதை ஒருவர் பாராமல் அவ்வாறே அனுப்பினர். ஹிங்க்ஸுக்குக் கிடைத்த காலம் மிகக் குறைவு. முழுவதையும் முடிக்க இயலவில்லை. வரலாற்றாசிரியர் ஜார்ஜ் குரோட் உள்ளிட்ட குழுவினர் உறைகளைப் பிரித்து ஒப்பிட்டனர். நான்கும் பொருளில் ஒத்திருந்தன. மிக நெருங்கி ஒத்தவை ராலின்சனுடையதும் ஹிங்க்ஸுடையதுமே. இருவர் ஆண்டுக்கணக்கில் மனத்தாங்கலோடு இருந்தும், ஒருவரையொருவர் பாராமல் ஒரே சொல்லை எழுதியிருந்தனர். உண்மையின் முன் இருவரும் நேர்மையாக நின்றிருந்தால் மட்டுமே இது நடக்கும்.

நம் திருச்சபையிலும் இத்தகையோர் பின்னர் எழுந்தனர். 1890இல் எருசலேமில் விவிலியப் பள்ளியைத் தொடங்கிய தொமினிக்கன் துறவி லகிராஞ்சு, தம் நேர்மைக்காகப் பல ஆண்டுகள் ஐயப்பார்வையைத் தாங்கினார். அம்முராபியின் சட்டக்கல் கண்டெடுக்கப்பட்டபோது, 1902இல் அதை முதலில் படித்து வெளியிட்ட ஷேல் என்பவரும் தொமினிக்கன் துறவியே. பண்டைக் கிழக்கு நாடுகளின் எழுத்துகளையும் வழக்குகளையும் கற்று விவிலியத்தை அணுகுமாறு திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1943இல் வேண்டினார். இன்று நம் மேடைகளில் அசீரியாவும் பாபிலோனும் இயல்பாக வருகின்றன. அந்தப் பெயர்களின் பின்னால் எத்தனை இரவுகள் எரிந்துபோயின என்பது நினைவுக்கு வருவதில்லை.

ஆனால் 1847இல் அயர்லாந்துச் சாலையோரத்தில் மடிந்த தாய்க்கு இந்த நேர்மை எந்தக் கைம்மாறும் ஆகவில்லை. அவளுக்குப் பட்ட கடனை உண்மையான ஏகூவும் தீர்க்கமாட்டான், உண்மையான செனகெரிபும் தீர்க்கமாட்டான். படிக்கும் குருக்கள் இதை மறக்காமல் படித்தால், அவர்களுடைய எழுத்தில் ஒரு பணிவு கலக்கும். அவர்களைப் படிக்கவிடும் மக்களுக்கும் ஒரு பொறுப்புண்டு: தங்களுக்கு இனிப்பானதை மட்டும் கேட்டு வாங்காதிருத்தல். பொன்னும் வெள்ளியும் ஒன்றாக வரட்டும் என்று சொல்லும் பங்குக்கு, கற்ற குருவால் தீங்கு வராது.

ஹிங்க்ஸ் 1866 டிசம்பர் 3 அன்று கில்லிலேயில் இறந்தார். அவர் வாழ்ந்த பங்குகளுக்கு ஊதியம் வழங்கிய அரசுத் திருச்சபை ஏற்பாட்டைச் சட்டம் 1869இல் நீக்கியது. 1871இல் அது நடைமுறைக்கு வந்தது. அவருடைய கடிதங்களைக் கெவின் காத்கார்ட் என்னும் அயர்லாந்து அறிஞர் 2007 முதல் 2009 வரை மூன்று தொகுதிகளாகப் பதிப்பித்தார். அவர் இறந்த அதே 1866இல், பணத்தாள் அச்சுக்குச் செதுக்கும் தொழில் செய்துவந்த ஜார்ஜ் ஸ்மித் என்ற இளைஞர், ஏகூ திறை கொடுத்த ஆண்டைக் குறிக்கும் கல்வெட்டை அருங்காட்சியகத்தில் அடையாளம் கண்டார். ஆறு ஆண்டுகள் கழித்து, நினிவே நூலகத்தின் களிமண் பலகை ஒன்றில் நோவாவின் வெள்ளத்தை ஒத்த பழங்கதை இருப்பதை அந்த ஸ்மித்தே இலண்டனில், பிரதமர் கிளாட்ஸ்டன் அமர்ந்திருந்த அவையில் வாசித்தார். சிலர் அதை விவிலியத்துக்குக் கிடைத்த சான்றென்றனர். சிலர் விவிலியத்துக்கு வந்த இடரென்றனர். வாசிக்கப்பட்ட நாள் 1872 டிசம்பர் 3.